கோபுர வாசல் – 9: ராஜா செய்த சமரசம்

கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்துவிட்ட செய்தி ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1897-ஆம் ஆண்டு, மே மாதம். இந்தச் செய்தி யார் காதில் விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

பாஸ்கர சேதுபதிக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. படித்தவர், புலவர்களை ஆதரித்தவர், கொடுத்துக் கொடுத்தே கடனாளி ஆனவர். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகும்படி தூண்டியவர்களில் முக்கியமானவர். அதே 1897 ஜனவரி மாதக் கடைசியில் சுவாமிகள் கடல் கடந்து பாம்பனில் வந்து இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர். சுவாமிகள் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களோடு ஜனமாக ராஜாவும் வண்டியை இழுத்தார். ராமேஸ்வரம் கோயிலில் சுவாமிகள் பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்காதவன் லிங்கத்தில் மட்டும் சிவனைப் பார்த்து என்ன பயன் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதைத் தலையசைத்துக் கேட்டவர்தான் சேதுபதி.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய பொறுப்பில் இருந்த கமுதிக் கோயிலில், உள்ளே வரக் கூடாதவர்கள் என்று ஊர் வைத்திருந்த சிலர், உள்ளே வந்து வழிபட்டுவிட்டார்கள்.

சேதுபதி மதுரை சப்-கோர்ட்டுக்குப் போனார். கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குப் போட்டார். அவர் கேட்டவை மூன்று. இந்தச் சாதியாருக்குக் கோயிலுக்குள் வர உரிமை இல்லை என்று கோர்ட்டு அறிவிக்க வேண்டும். இனி வராதபடி நிரந்தரத் தடை போட வேண்டும். தீட்டுப்பட்ட கோயிலைச் சுத்தி செய்ய ஆகும் செலவு 2,500 ரூபாயைப் பிரதிவாதிகள் கொடுக்க வேண்டும்.

2,500 ரூபாய். ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்று அரசாங்கம் விகிதம் கட்டிய காலம் அது. அந்தக் கணக்கில் 160 பவுனுக்கு மேலே வரும். கும்பிடப் போன மனிதர்களின் காலடி பட்டதற்கு விலை. புண்ணியாகவாசனம், ஹோமம், கலச நீர், பிராமண போஜனம் என்று சுத்திச் சடங்குக்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் நஷ்ட ஈட்டுக் கணக்காக மாறி, முத்திரைத்தாளில் ஏறி, வெள்ளைக்காரன் ஏற்படுத்திய கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு 1817 நினைவிருக்கும். கோயில் சொத்துகளைக் கம்பெனியின் ரெவின்யூ போர்டு மேற்பார்க்கும் என்று சென்னை மாகாணத்தில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த ஆண்டு. கிறிஸ்தவ அரசு விக்கிரகங்களுக்குக் கணக்கு எழுதுவதா என்று பாதிரிமார்கள் கிளப்பிய எதிர்ப்பில் 1840-களில் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டதையும், 1863-இல் அரசாங்கம் சட்டம் போட்டு அந்த விலகலை நிரந்தரமாக்கிக்கொண்டதையும் பார்த்தோம். ஆகவே 1897-இல் கோயில் நிர்வாகத்தில் அரசாங்கம் இல்லை. தலையிடவே மாட்டோம் என்பதுதான் அதன் கொள்கை.

ஆனால் கோர்ட்டு இருந்தது. கோர்ட்டின் உத்தரவை நிறைவேற்றப் போலீஸ் இருந்தது. கோயிலுக்குள் எது வழக்கமோ அதையே சட்டமாக எடுத்துக்கொள்வது அந்தக் கோர்ட்டின் பழக்கம். யார் எது வரைக்கும் போகலாம் என்று பலசாலிகள் வகுத்து வைத்திருந்த வழக்கத்துக்கு, தலையிடாத அரசாங்கத்தின் கோர்ட்டு முத்திரை குத்திக் கொடுத்தது. இதைத் தலையிடாமை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எதிர்த் தரப்புக்கு வருவோம்.

கமுதி நாடார்கள் வியாபாரிகள். தெற்கே தேரிக்காட்டிலிருந்து வடக்கே வந்து, மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த குடும்பங்கள், ராமநாதபுரம் சீமையில் ஊன்றிக்கொண்டது ஒரு தனிக் கதை. வழியில் கொள்ளை பயம். அதனால் போகும் ஊர்களில் வேலி கட்டிப் பேட்டை போட்டார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் அதற்குள் பத்திரமாக இருக்கும். பேட்டைக்குள் மூட்டை இறங்கினால், மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையை வியாபாரி எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர் மகமை. பஞ்சுப் பொதிக்கு ஒரு கணக்கு, கருப்பட்டிக்கு ஒரு கணக்கு. வாங்கினாலும் மகமை, விற்றாலும் மகமை. கலியாணம் நடந்தாலும் மகமைக்கு ஒரு பங்கு. வசூலையும் செலவையும் ஊர் நாடார்களின் சபையான உறவின்முறை பார்த்துக்கொள்ளும். கணக்கைச் சபை கூட்டி வாசிப்பார்கள்.

கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ந்த இந்தப் பணம் என்னென்ன செய்தது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். கிணறு வெட்டியது. சத்திரம் கட்டியது. விருதுநகரில் 1889-இல் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடத்தைத் திறந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. கோர்ட்டுச் செலவும் அதிலிருந்துதான் வந்தது. ஜமீன்தாரோடு வழக்காடுவது என்றால் தனி மனிதனால் ஆகிற காரியமா? ஒரு ஊர் முழுக்க மூட்டைக்கு மூட்டை போட்ட காசுதான் வக்கீலாக உருமாறிக் கோர்ட்டில் நின்றது.

கையில் காசு, ஊரில் கடை, பள்ளியில் பிள்ளைகள். இத்தனையும் வந்த பிறகு கோபுர வாசலுக்கு வெளியே நின்று கும்பிடச் சொன்னால் எந்த மனிதன் நிற்பான்? கோயிலுக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு காலத்திலும் தீட்டு இருந்ததில்லை. எண்ணெய்க்கும் திரிக்கும் தேங்காய்க்கும் தடை இருந்ததில்லை. அவற்றைக் கொண்டுவந்தவனுக்குத்தான் வாசலில் ஒரு கோடு. கமுதிக்கு முன்பே, 1870-களிலேயே திருச்செந்தூரிலும் மதுரை மீனாட்சி கோயிலிலும் நாடார்கள் உள்ளே போய், வெளியே தள்ளப்பட்டு, விஷயம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. ஆகவே கமுதியில் நடந்தது திடீர் ஆத்திரத்தில் நடந்த காரியம் இல்லை. இருபது வருஷங்களுக்கு மேலாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு அது.

அவர்கள் பக்கம் நின்றுகொண்டே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய நாடார் தலைவர்கள் தங்கள் உரிமைக்குச் சொன்ன காரணம், நாங்கள் பாண்டியர் வழி வந்த க்ஷத்திரியர்கள் என்பது. மனிதர்கள் எல்லோருக்கும் இந்த வாசல் பொது என்று அவர்கள் கேட்கவில்லை. ஏணியில் எங்கள் படி மேலே இருக்கிறது, எங்களைத் தவறான படியில் நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் வாதாடினார்கள். ஏணி இருக்கட்டும் என்று விட்டுவிட்டதால் எதிர்த் தரப்புக்கு வேலை சுலபமாயிற்று. படி எது என்று நிரூபி பார்க்கலாம் என்று கோர்ட்டு கேட்டது. ஆகமங்களும் பழைய வழக்கமும் சாதி வரலாறும் சாட்சிக் கூண்டில் ஏறின. கேட்ட கேள்வியே குறுகலாக இருந்துவிட்டது. அந்தக் காலத்துக் கோர்ட்டில் வேறு எந்தக் கேள்வி எடுபட்டிருக்கும் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். சமத்துவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காட அன்றைக்கு எந்தச் சட்டப் பிரிவும் இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஊர்கள் பற்றி எரிந்தன. சிவகாசியிலும் இதே கோயில் நுழைவுத் தகராறு முற்றியிருந்தது. 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. கலவரம் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக் கிராமங்களுக்கும் பரவிப் படை வந்துதான் அடங்கியது. அதைப் போன அத்தியாயங்களிலேயே விரிவாக எழுதிவிட்டேன். சாம்பல் ஆறுவதற்குள் கமுதித் தீர்ப்பு வந்தது. 1899 ஜூலை 20.

நாடார்கள் தோற்றார்கள். கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை என்று சப்-கோர்ட்டு அறிவித்தது. நிரந்தரத் தடை போட்டது. சுத்திச் சடங்குக்கு 500 ரூபாய் கட்டும்படி உத்தரவிட்டது. 2,500-ஐ 500 ஆகக் குறைத்ததை யாரும் வெற்றியாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதன் நடந்தால் கோயில் கெடும் என்பதை ஒரு கோர்ட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதே, அதுதான் விஷயம்.

உறவின்முறை மீண்டும் மகமைப் பெட்டியைத் திறந்தது. அப்பீல் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று.

இங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது.

வென்ற பாஸ்கர சேதுபதி இறங்கி வந்தார். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது நாடார்களோடு ராஜி செய்துகொண்டார். அவர்கள் கோயிலுக்கு வந்து வழிபடத் தர்மகர்த்தாவான தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சமரசத்துக்குச் சம்மதித்தார். வழக்குப் போட்ட கையே விட்டுக்கொடுத்தது. சிவில் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ராஜியானால் பிறகு என்ன வேலை? கோர்ட்டு அதைப் பதிவு செய்துகொண்டு கட்டை மூடிவிடும். எத்தனையோ வரப்புத் தகராறுகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

பல வருஷங்களாக ரத்தம் சிந்திய ஒரு பிரச்சினை, ஒரு கையெழுத்தில் தீர்ந்துவிடும் போலத் தெரிந்தது. கமுதியில் தீர்ந்திருந்தால் அருப்புக்கோட்டையிலும் சிவகாசியிலும் அதையே காட்டிக் கேட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில் வரலாறு நாற்பது வருஷம் முன்னதாகவே திரும்பியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹைகோர்ட்டு அந்த ராஜியை ஏற்கவில்லை.

அதற்குச் சொன்ன காரணத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடர் முழுக்க இனி அது நம்மை விடப் போவதில்லை. கோயில் ராஜாவின் சொத்து இல்லை. அவர் தர்மகர்த்தா, பிறருக்காகப் பொறுப்பில் வைத்துப் பாதுகாக்கிறவர். கோயிலின் ஆகமப்படியும் வழக்கப்படியும் வழிபட உரிமை உள்ளவர்கள் யாரோ, அவர்களுக்காகத்தான் அவர் அதை வைத்திருக்கிறார். உரிமை இல்லாதவர்களை உள்ளே விடச் சம்மதித்தால், தன்னை நம்பி ஒப்படைத்ததை அவர் மோசம் செய்கிறார் என்று ஆகும். சட்டத்தின் பாஷையில் அது நம்பிக்கை மோசம். ஆகவே அவர் போட்ட கையெழுத்து செல்லாது.

இந்த விதி பிறந்த இடம் நல்ல இடம். தர்மகர்த்தா கோயில் நிலத்தை மைத்துனன் பேருக்கு எழுதி வைத்துவிடக் கூடாது, அம்மன் கழுத்துப் பதக்கத்தை அடகு வைத்துவிடக் கூடாது என்பதற்காக உண்டான விதி. கோயில் சொத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல விதி கிடையாது. இன்றைக்கும் அது வேண்டும். கமுதியில் அதே விதியை மனிதர்கள் மேல் திருப்பினார்கள். மற்றவர்கள் யாரையும் கூடச் சேர்க்காமல் தாங்கள் மட்டும் சாமி கும்பிடுவது ஒரு சாராரின் சொத்தாகிவிட்டது. நகையைப் போல, நன்செய்யைப் போல, அந்தத் தனிமையும் பூட்டி வைத்துக் காக்கப்பட வேண்டிய உடைமை ஆயிற்று. கும்பிட வந்தவன் கோயில் நிலத்தை ஆக்கிரமிக்க வந்தவனுக்குச் சமமாகிவிட்டான்.

பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பரில் காலமானார். முப்பத்தைந்து வயது. கடன் அவரை நெடுநாளாக அரித்திருந்தது. விவேகானந்தர் முந்தின ஆண்டுதான் மறைந்திருந்தார். தகப்பனார் செய்த சமரசம் செல்லாது என்று ஆகிவிட்டபடியால், மகன் ராஜராஜேஸ்வர சேதுபதியின் பெயரில் வழக்கு மேலே போயிற்று. நாடார்கள் லண்டனுக்கு அப்பீல் செய்தார்கள்.

டவுனிங் தெருவில் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு கூடியது. கமுதியைக் கண்ணால் பார்த்திராதவர்கள், குண்டாற்றங்கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், சிவன் கோயிலில் அர்த்தமண்டபம் எது மகாமண்டபம் எது என்று வக்கீல் சொல்லிக் கேட்டுக்கொண்டவர்கள், கமுதியில் யார் எது வரை போகலாம் என்று முடிவு சொன்னார்கள். 1908-இல் தீர்ப்பு. சங்கரலிங்க நாடான் எதிர் ராஜ ராஜேஸ்வர துரை என்பது வழக்கின் பெயர். ஹைகோர்ட்டு சொன்னது சரி. நாடார்களுக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாதவரை உள்ளே விடச் சம்மதிக்கும் தர்மகர்த்தா நம்பிக்கை மோசம் செய்தவர்.

சாம்ராஜ்யத்தில் இதற்கு மேலே கோர்ட்டு கிடையாது.

இந்தத் தீர்ப்பின் முழு வீச்சையும் அன்றைக்கு எத்தனை பேர் உணர்ந்தார்களோ! கமுதி நாடார்கள் தோற்றார்கள் என்பது ஒரு பகுதி. பெரிய பகுதி வேறு. இனி சென்னை மாகாணத்தில் எந்தக் கோயில் தர்மகர்த்தாவும், மனம் மாறினாலும், மகான் ஒருவர் சொல்லிக் கேட்டாலும், ஊரோடு ஒத்துப்போக விரும்பினாலும், கதவைத் திறக்க முடியாது. திறந்தால் குற்றம். நல்ல மனசுக்கும் பூட்டு விழுந்தது. கொடுக்கிற காசாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது, வைத்திருக்கிறவனின் கருணையாலும் திறக்க முடியாது. மிச்சம் இருந்த வழி ஒன்றே ஒன்று, சட்டம். சட்டம் செய்ய வேண்டிய அரசாங்கமோ 1863-இலேயே கோயில் வாசலை விட்டு இறங்கிப் போய்விட்டது.

நாடார்கள் அதற்குப் பிறகு தங்கள் பலத்தை வேறு திசையில் செலவிட்டார்கள். 1910-இல் நாடார் மகாஜன சங்கம். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. பள்ளிக்கூடங்கள், சட்டசபை இடங்கள், நகரசபைகள். பிரிவி கவுன்சிலில் தோற்றவர்கள் நாட்டின் பொதுவாழ்வில் ஏறிய வேகம் தனியாக எழுத வேண்டிய கதை. ஆனாலும் மதுரை மீனாட்சி கோயில் வாசலில் அவர்களுக்கான கோடு அப்படியே இருந்தது. அவர்களுக்கும் பின்னால், கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிய பறையரும் பள்ளரும் சக்கிலியரும் நின்றார்கள். இவர்களுக்கு மகமைப் பெட்டியும் இல்லை, லண்டன் வரை போக வக்கீலும் இல்லை.

அரசாங்கம் கோயிலுக்குத் திரும்பி வந்தது, ஆனால் சமத்துவம் பேசிக்கொண்டு வரவில்லை. பணத்தைத் தேடி வந்தது.

1863-க்குப் பிறகு கோயில் சொத்துகள் பட்ட பாட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் புலம்பல்தான். கோயில் கமிட்டி உறுப்பினர்கள் ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். கணக்குக் கேட்க ஆள் இல்லை. குத்தகை வராது, வந்தாலும் கோயிலுக்கு வராது. சாமி பேரில் நிலம் இருக்கும், சாமிக்கு விளக்கு இருக்காது. இதைச் சரிசெய்யப் பல மசோதாக்கள் வந்து வந்து விழுந்தன. கடைசியில் நீதிக் கட்சி ஆட்சியில், பனகால் ராஜா முதல் மந்திரியாக இருந்தபோது, இந்து அறநிலையச் சட்டம் நிறைவேறியது. 1925-இல் வந்த சட்டம் செல்லுமா என்று சந்தேகம் கிளம்பவே 1927-இல் மீண்டும் இயற்றினார்கள். கோயில்களை மேற்பார்க்க ஒரு போர்டு. வரவுசெலவுத் தணிக்கை. நிர்வாகம் சீர்கெட்ட கோயிலுக்குப் போர்டே திட்டம் வகுத்துக் கொடுக்கும்.

அந்தச் சட்டத்தில் ஆலயப் பிரவேசம் பற்றி ஒரு வரி இல்லை. வழக்கத்தில் கை வைக்கும் உத்தேசமே அதற்கு இல்லை. உண்டியலையும் குத்தகைச் சீட்டையும் பார்ப்பதற்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன் வழியாகக் கோயிலுக்குள் ஒரு புதிய மனிதர் வந்து சேர்ந்தார். பரம்பரையாக வராதவர். கோயில் பட்டர்களுக்கும் மிராசுகளுக்கும் கட்டுப்படாதவர். போர்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நிர்வாக அதிகாரி என்று பெயர். பேரேடும் சாவிக்கொத்தும் அவரிடம் இருந்தன.

கோயிலை விட்டு அரசாங்கம் வெளியேற வேண்டும் என்று இன்று உரத்துச் சொல்கிறவர்கள், அரசாங்கம் வெளியே இருந்த காலத்துக் கமுதியையும் சிவகாசியையும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அரசாங்கம் வைத்திருக்கிற கோயில்களில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்தால் சாமிக்கு அருகே, கொடுக்காவிட்டால் தூரத்தில் என்று தரிசனத்துக்கு டிக்கெட் விற்பது எனக்குச் சம்மதமே இல்லை. சாதிக்குப் போட்ட கோட்டைப் பணத்துக்குப் போடுகிற காரியம் அது. அந்தச் சண்டையும் இத்தொடரில் வரும். இப்போது மதுரைக்குப் போக வேண்டும்.

1939. மீனாட்சி கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு. நீதிக் கட்சிக்காரர். நகரத்தின் காங்கிரஸ் தலைவர், வக்கீல், தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவர் அ. வைத்தியநாதய்யர். அரசியலில் இருவரும் எதிரெதிர்க் கட்சி. தெற்கே திருவாங்கூரில் 1936-லேயே மகாராஜா பிரகடனம் செய்து கோயில்களைத் திறந்துவிட்டார். அங்கே அரசர் கையெழுத்துப் போட்டால் அதுவே சட்டம். இங்கே அப்படி இல்லை. மலபார் ஜில்லாவுக்கு மட்டும் 1938-இல் ஓர் ஆலயப் பிரவேசச் சட்டம் ஆயிற்று. தமிழ் ஜில்லாக்களுக்கு ஒன்றும் இல்லை. மதுரையில் 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் நடப்புச் சட்டம்.

வைத்தியநாதய்யர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். சனாதனிகளும் போட்டார்கள், அவர்களுக்கு நடேசய்யர் தலைமை. ஜூலை மாதம் பிறந்தது.

ஜூலை 8-ஆம் தேதி காலை. வைத்தியநாதய்யர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பி. கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் ஆகிய ஐந்து பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஆறாவது மனிதர் எஸ்.எஸ். சண்முக நாடார். கமுதியில் ஏணியின் மேல்படியைக் கேட்டுத் தோற்ற சாதியின் மனிதர், இந்தத் தடவை ஏணியே ஏறாதவர்களோடு தோளோடு தோள் நின்று வந்தார். கமுதியில் கேட்காமல் விட்ட கேள்வியை ஆறு பேரும் நடந்தே கேட்டுவிட்டார்கள்.

வாசலில் நாயுடு நின்றிருந்தார். தடுக்கவில்லை. வரவேற்று உள்ளே அழைத்துப் போனார். மீனாட்சியைத் தரிசித்துப் பிரசாதம் பெற்று வெளியே வந்தார்கள். கலவரம் இல்லை. பிற்காலத்தில் இந்த மாகாணத்துக்குப் போலீஸ் மந்திரியாகப் போகிற கக்கன், அன்றுதான் அந்தக் கோயிலுக்குள் காலடி வைத்தார்.

ஊரெங்கும் பேச்சு. காந்தியடிகள் மகிழ்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் வெளியே தோன்றியது.

ஆனால் வக்கீல் வைத்தியநாதய்யருக்குச் சங்கரலிங்க நாடான் வழக்கு தெரியாமல் இருக்க வழியே இல்லை. பாஸ்கர சேதுபதி பேனாவால் செய்யப் பார்த்ததை ஆர்.எஸ். நாயுடு கதவைத் திறந்தே செய்துவிட்டார். உரிமை இல்லாதவர் என்று சட்டம் சொன்னவர்களை, பொறுப்பில் இருந்த அதிகாரியே கைபிடித்து உள்ளே அழைத்துப் போயிருக்கிறார். பிரிவி கவுன்சில் தீர்ப்புப்படி இது பச்சையான நம்பிக்கை மோசம். வழிபாட்டுத் தலத்தைத் தீட்டுப்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று சொல்லும் தண்டனைச் சட்டம் 295-ஆம் பிரிவு வேறு இருந்தது. அதை இந்த மாதிரி வழக்குகளுக்கு இழுப்பது புதிதும் இல்லை. உள்ளே போன ஆறு பேர், அழைத்துப் போன அய்யர், திறந்துவிட்ட நாயுடு, எல்லோர் தலைக்கு மேலும் கத்தி தொங்கியது.

கோயிலுக்குள் பட்டர்கள் சிலர், தீட்டுக் கழித்துச் சுத்தி செய்யாமல் பூஜை செய்ய மாட்டோம் என்றார்கள். சுத்திச் சடங்கா, முடியவே முடியாது என்றார் நாயுடு. கமுதியில் 500 ரூபாய் கட்டச் சொன்ன அதே சடங்கு! செய்தால் அந்த ஆறு பேரால் கோயில் கெட்டது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சம்மதிக்காதவர்கள் கருவறையைப் பூட்டிவிட்டார்கள். மீனாட்சிக்கு வேளை பூஜை தடைப்பட்டது. நடேசய்யர் தரப்பு கோர்ட்டுக்குக் கிளம்பியது.

காப்பாற்றக் கூடியவர் ஒரே ஒருவர், சென்னையில் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி. அவரோ முந்தின வருஷம்தான், தமிழ் ஜில்லாக் கோயில்களையும் திறந்துவிடச் சொல்லி எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த மசோதாவைத் தம் கட்சியின் ஓட்டுகளைக் கொண்டே தோற்கடித்தவர். அன்று வேண்டாம் என்று சொன்ன சட்டத்தை இன்று அவரே செய்வாரா? செய்தாலும், ஜூலை 8-ஆம் தேதி காலையில் இல்லாத ஒரு சட்டம், அந்தக் காலையில் நடந்த காரியத்துக்கு எப்படிக் குடை பிடிக்கும்?

பூட்டிய கருவறைக்கு முன்னால் நாயுடு நின்றுகொண்டிருக்கிறார். அவரிடம் மாற்றுச் சாவி இல்லை.

(தொடரும்)